பத்தாவதில் 94, பிளஸ் ஒன்னில் 31: நடுவில் என்ன நடக்கிறது?

14 ஜூலை, இரவு 9.10 (மண்டபம் ஊரிலிருந்து)

தங்கச்சி இந்த வருசம் பிளஸ் ஒன்னில் கணக்கு எடுத்திருக்கு. பத்தாவதில் 94. முதல் மாதத் தேர்வில் 31. சூத்திரத்தை எல்லாம் ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டு, பிளஸ் டூ வரைக்கும் அதுதான் கணக்கு என்று சொல்லிவைத்திருக்கிறேன். சரிதானா? அந்த ரெண்டு வருசத்தில் அப்படி என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

14 ஜூலை, இரவு 10.35

சார்ட் ஒட்டட்டும். ஆனால் 31-க்குச் சூத்திரம் காரணமாக இருக்காது. மாநிலப் பாடத்திட்டம் என்றால் இதுவரை நடந்திருப்பது கணங்கள், தொடர்புகள், சார்புகள். மிஞ்சிப்போனால் அடிப்படை இயற்கணிதம். அந்த ரெண்டு பாடத்திலும் மனப்பாடம் பண்ணச் சூத்திரமே அதிகம் கிடையாது.

பத்தாவது வரை கேள்வியைச் சூத்திரத்துக்கு ஏற்றபடி வெட்டித்தான் கொடுப்பார்கள். பிளஸ் ஒன்னில் ஒவ்வொரு சூத்திரத்தையும் சுற்றி ஒரு வேலி இருக்கும். எந்த எண்ணுக்குப் பொருந்தும், எந்த இடைவெளியில் பொருந்தும், எது பூச்சியம் ஆகக் கூடாது என்று. பிள்ளைகள் சூத்திரத்தைப் படிக்கிறார்கள், வேலியைப் படிப்பதில்லை.

இந்தக் கணக்கைத் தங்கச்சியிடம் கொடுத்துப் பாருங்கள்:

(எக்ஸ் + 1) / (எக்ஸ் − 2) < 3

பத்தாவது பழக்கத்தில் கை தானாகக் குறுக்கே பெருக்கும். எக்ஸ் + 1 < 3எக்ஸ் − 6. அதிலிருந்து எக்ஸ் > 3.5. முடிந்தது என்று அடிக்கோடு போட்டுவிடுவார்கள். இப்போது எக்ஸ் = 0 என்று போடுங்கள். இடது பக்கம் −1/2. அது 3-ஐ விடச் சிறியதுதானே? ஆனால் 0 அந்த விடைக்குள் இல்லை.

தவறு பெருக்கியபோதே நடந்துவிட்டது. எக்ஸ் − 2 மிகை எண்ணா, குறை எண்ணா என்று தெரியாது. குறை எண்ணால் பெருக்கினால் சமனிலியின் குறி திரும்ப வேண்டும். அதனால் பெருக்கக் கூடாது. 3-ஐ இடது பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்க வேண்டும். (7 − 2எக்ஸ்) / (எக்ஸ் − 2) < 0 என்று வரும். 2, 3.5 என்ற ரெண்டு இடத்திலும் எண்கோட்டை வெட்டி, மூன்று துண்டிலும் ஒவ்வொரு எண்ணைப் போட்டுப் பார்த்தால் எக்ஸ் < 2 அல்லது எக்ஸ் > 3.5 என்று கிடைக்கும். குறுக்கே பெருக்கியவருக்கு எண்கோட்டின் இடப்பக்கம் முழுவதும் போய்விட்டது.

15 ஜூலை, காலை 6.20

ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல விட்டுப்போனது. மாநிலப் பாடத்தில் பிளஸ் ஒன்னில் 12 பாடம், பிளஸ் டூவில் 12 பாடம். பிளஸ் ஒன்: கணமும் சார்பும், இயற்கணிதம், முக்கோணவியல், சேர்ப்பியல், ஈருறுப்புத் தேற்றம், நேர்க்கோடுகள், அணிகள், வெக்டர், எல்லை, வகையிடல், தொகையிடல், நிகழ்தகவு. பிளஸ் டூவில் அணி, வெக்டர், வகையிடல், தொகையிடல் எல்லாம் பயன்பாடாகத் திரும்பி வரும். புதிதாகக் கலப்பு எண்கள், சமன்பாட்டியல், நேர்மாறு முக்கோணவியல், கூம்பு வெட்டிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல், தனிநிலைக் கணிதம்.

பிளஸ் ஒன்னின் வகையிடலும் தொகையிடலும் கையில் ஏறாவிட்டால் பிளஸ் டூவின் ரெண்டாம் தொகுதியைத் திறக்கவே முடியாது. பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டி நேரே பிளஸ் டூ நடத்துகிற வழக்கம் இருக்கிறதே, அது பிள்ளைகளுக்குச் செய்கிற பெரிய அநியாயம்.

15 ஜூலை, இரவு 9.50

இதெல்லாம் எங்கே உதவும் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். நம் கடற்கரையில் இருந்துகொண்டு வெக்டருக்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை.

அசையாத தண்ணீரில் மணிக்கு 8 கிலோமீட்டர் ஓடும் ஒரு வல்லம் (நாட்டுப் படகு). முகத்தை நேர் வடக்கே வைத்து ஓட்டுகிறார்கள். நீரோட்டம் கிழக்கு நோக்கி மணிக்கு 3 கிலோமீட்டர். வல்லம் உண்மையில் போகும் வேகம் 64 + 9 = 73-இன் வர்க்கமூலம், சுமார் 8.54. திசை, வடக்கிலிருந்து கிழக்கே சாய்ந்து, டேன் மதிப்பு 3/8 ஆகும் கோணம், அதாவது 20.6°. அப்படியானால் நேர் வடக்கே போய்ச்சேர முகத்தை 20.6° மேற்கே திருப்பி வைக்க வேண்டும்.

16 ஜூலை, காலை 5.40 (தங்கச்சிமடத்திலிருந்து)

அண்ணே, கடைசி வரி தப்பு. முகத்தைத் திருப்பினால் வடக்கே போகிற வேகமும் மாறும்ல. 20.6 திருப்பினால் நீவாடு (நீரோட்டம்) கொஞ்சம் கிழக்கேதான் தள்ளும்.

16 ஜூலை, மதியம் 1.15

தம்பி சொன்னதுதான் சரி. மேலே எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் பரீட்சையில் பிள்ளைகள் செய்கிற அதே தவறு இது.

வல்லத்தின் 8 என்பது முகம் பார்க்கும் திசையில் உள்ள வேகம். முகத்தைத் திருப்பியபின் அந்த 8 செங்கோண முக்கோணத்தின் கர்ணம் ஆகிவிடும். நீரோட்டத்தின் 3 எதிர்ப்பக்கம். எனவே சைன் மதிப்புதான் 3/8. கோணம் 22.0°. வடக்கே கிடைக்கும் வேகம் 64 − 9 = 55-இன் வர்க்கமூலம், சுமார் 7.42.

20.6° மட்டும் திருப்பினால் மேற்கே கிடைப்பது மணிக்கு 2.81 கிலோமீட்டர். நீரோட்டம் 3. மீதி 0.19 கிழக்கே இழுக்கும். ரெண்டு மணி நேர ஓட்டத்தில் கிட்டத்தட்ட 380 மீட்டர் விலகல்.

ஒரு கேள்வி, யாராவது சொல்லுங்கள்: நீரோட்டம் 9 ஆக இருந்தால்?

16 ஜூலை, இரவு 8.05 (தங்கச்சிமடத்திலிருந்து)

சைன் 9/8 வருது. ஒன்னுக்கு மேல சைன் கிடையாது. எஞ்சின் 8-ல் எந்தப் பக்கம் திருப்பினாலும் நேர் வடக்கே போக முடியாது.

18 ஜூலை, இரவு 10.10

அந்தப் பதிலை அப்படியே பிளஸ் டூ நாலாம் பாடத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம். சைன் மதிப்பைக் கொடுத்தால் கோணத்தைச் சொல்வது நேர்மாறு சைன்; அதன் சார்பகம் (உள்ளே போடக்கூடிய எண்கள்) −1 முதல் 1 வரை என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். எல்லோரும் அதை வாசித்துவிட்டுத் தாண்டுவார்கள். 9/8-க்கு விடை இல்லை என்பதும் வல்லம் அந்தக் கோட்டைப் பிடிக்க முடியாது என்பதும் ஒரே செய்தி.

அதே பாடத்தில் வீச்சகத்தையும் (விடையாக வரக்கூடியவை) பாருங்கள். சைன் 120° எவ்வளவோ, அதன் நேர்மாறு சைன் எவ்வளவு? 120° என்று எழுதினால் பூச்சியம் மதிப்பெண். நேர்மாறு சைன் −90° முதல் 90° வரைதான் விடை சொல்லும். எனவே 60°. காஸ் 240°-க்கு நேர்மாறு காஸ் எடுத்தால் 120°, ஏனென்றால் அதன் வீச்சகம் 0° முதல் 180°.

இன்னொன்று. நேர்மாறு டேன் 2 + நேர்மாறு டேன் 3. கூட்டல் சூத்திரத்தில் போட்டால் 5 / (1 − 6) = −1. உடனே −45° என்று எழுதிவிடுவார்கள். ரெண்டு மிகைக் கோணங்களைக் கூட்டினால் எப்படிக் குறைக்கோணம் வரும்? சூத்திரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில், ரெண்டு எண்களின் பெருக்கல் 1-ஐ விடக் குறைவாக இருந்தால் என்று போட்டிருக்கும். இங்கே பெருக்கல் 6. அதனால் 180° சேர்க்க வேண்டும், விடை 135°. கால்குலேட்டரில் 63.43°-ஐயும் 71.57°-ஐயும் கூட்டிப் பாருங்கள்.

18 ஜூலை, இரவு 10.25

கலப்பு எண்ணிலும் இதே கதை. −4-இன் வர்க்கமூலத்தை −9-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 36-இன் வர்க்கமூலம் 6 என்று போடக் கூடாது. −1-இன் வர்க்கமூலத்தை ஐ என்று எழுதினால், 2ஐ × 3ஐ = −6. மூலங்களை ஒன்றாகப் பெருக்கும் விதி ரெண்டுமே குறை எண்ணாக இருக்கும்போது செல்லாது.

19 ஜூலை, மாலை 6.40

வகைக்கெழுவின் பயன்பாட்டில் அதிகம் பேர் கோட்டை விடும் கணக்கு: ஜெட்டியில் நின்று கயிற்றால் வல்லத்தை இழுக்கிறார்கள். கையின் உயரம் வல்லத்தின் முனையிலிருந்து 3 மீட்டர். கயிற்றை விநாடிக்கு அரை மீட்டர் வீதம் இழுக்கிறார்கள். கயிறு 5 மீட்டர் நீளம் இருக்கும்போது வல்லம் என்ன வேகத்தில் வரும்?

கிடைத்தூரம் எக்ஸ் என்றால், எக்ஸ் வர்க்கம் + 9 = கயிற்றின் வர்க்கம். பிள்ளைகள் உடனே கயிறு 5 என்று போட்டு, எக்ஸ் 4 என்று கண்டுபிடித்து, பிறகு வகையிடுவார்கள். 5-ம் 4-ம் மாறாத எண்கள். வகையிட்டால் பூச்சியம்தான் வரும். முதலில் எழுத்தாகவே வைத்து வகையிட வேண்டும்: எக்ஸ் × வல்லத்தின் வேகம் = கயிற்று நீளம் × கயிற்றின் வேகம். அதன் பிறகுதான் எண். 5 × 0.5 / 4 = விநாடிக்கு 0.625 மீட்டர்.

கயிற்றை விட வல்லம் வேகமாக வருகிறது. கயிறு 3.25 மீட்டராகக் குறுகியதும் வேகம் என்ன என்பதைத் தங்கச்சி கண்டுபிடிக்கட்டும்.

21 ஜூலை, இரவு 9.00 (கீழக்கரையிலிருந்து)

பையன் சிபிஎஸ்இ. நீங்க எழுதுறது அவனுக்கும் பொருந்துமா? பரீட்சைக்கு நேரம் பத்தலைன்னு சொல்றான், அதையும் சொல்லுங்க.

21 ஜூலை, இரவு 11.20

பொருந்தும், வரிசைதான் மாறும். சிபிஎஸ்இயில் கலப்பு எண்ணும் கூம்பு வெட்டியும் பிளஸ் ஒன்னிலேயே முடிந்துவிடும். பிளஸ் டூவில் முப்பரிமாண வடிவியலும் நேரியல் திட்டமிடலும் உண்டு. எழுத்துத் தேர்வு 80, பள்ளி மதிப்பீடு 20.

மாநிலத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10, நேரம் 3 மணி. ஒரு மதிப்பெண் 20. ரெண்டு மதிப்பெண் பத்தில் ஏழு. மூன்று மதிப்பெண் பத்தில் ஏழு. ஐந்து மதிப்பெண் ஏழு, ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என்று ரெண்டில் ஒன்றை எழுதலாம். 30-ம், 40-ம் கட்டாய வினா, அவற்றைத் தள்ள முடியாது.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். ஐந்து மதிப்பெண்ணுக்கு 12 நிமிடம் வீதம் 84. மூன்றுக்கு 6 வீதம் 42. ரெண்டுக்கு 3 வீதம் 21. ஒன்றுக்கு ஒரு நிமிடம், 20. மொத்தம் 167. மீதி 13 நிமிடம் சரிபார்க்க. ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு 15 நிமிடம் தாண்டினால் அரைப்பக்கம் இடம் விட்டு நகர்ந்துவிட வேண்டும். அதுவரை போட்ட படிகளுக்கு மதிப்பெண் இருக்கிறது. அதனால் கோபத்தில் முழுவதையும் குறுக்கே அடிக்கக் கூடாது. ஒரு மதிப்பெண்ணில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும்.

பையனுக்கு உண்மையில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். முக்கால்வாசி வகையிடலில் போகாது. பின்னம் கூட்டுவதிலும் காரணிப்படுத்துவதிலும் போகும். தினமும் பத்து நிமிடம் அதற்கு மட்டும் ஒதுக்கினால் ரெண்டு மாதத்தில் வேகம் தெரியும்.

24 ஜூலை, இரவு 9.30

அணிகள். அணிக்கோவை (சமன்பாடுகளின் குணகங்களிலிருந்து கணக்கிடும் ஓர் எண்) பூச்சியம் என்றதும் தீர்வு இல்லை என்று எழுதுகிறவர்களுக்காக ஒரு மீன் கணக்கு.

ஒருவர் நெத்திலி, சூடை, கணவாய் மூன்றிலும் ஒவ்வொரு கிலோ வாங்கி 600 ரூபாய் கொடுக்கிறார். அடுத்தவர் அதே வரிசையில் 1, 2, 3 கிலோ வாங்கி 1400. மூன்றாமவர் 2, 3, 4 கிலோ வாங்கி 2000. கிராமர் விதியில் போட்டால் கீழே வரும் அணிக்கோவை பூச்சியம். ஏன்? மூன்றாமவர் வாங்கியது முதல் ரெண்டு பேரும் வாங்கியதன் கூட்டுத்தொகை. அவர் கணக்கு நமக்குப் புதிதாக எதுவும் சொல்லவில்லை.

1400 + 600 = 2000 என்று பணமும் ஒத்துப்போகிறது. எனவே தீர்வு எண்ணற்றவை. மூன்றாமவர் 2100 கொடுத்திருந்தால் அணிக்கோவை அப்போதும் பூச்சியம்தான், ஆனால் தீர்வே இல்லை. எங்கேயோ கணக்கு இடிக்கிறது. ரெண்டையும் பிரித்துக் காட்டுவது தரம், அதாவது மற்ற வரிகளிலிருந்து பெற முடியாத தனி வரிகளின் எண்ணிக்கை. குணக அணியின் தரம் 2. பண நிரலையும் சேர்த்து எழுதினால் 2000-க்குத் தரம் 2, 2100-க்கு 3.

கணவாய் விலை டி என்றால் சூடை 800 − 2டி, நெத்திலி டி − 200. எண்ணற்ற தீர்வு என்று நிறுத்திவிடாதீர்கள். விலை குறை எண்ணாக இருக்க முடியாது. அதனால் கணவாய் 200-க்கும் 400-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும்.

27 ஜூலை, இரவு 10.00

தொண்டிப் பக்கமிருந்து ஒருவர் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு நம்மூர் உதாரணம் கேட்டார். இறால் பண்ணைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 1000 லிட்டர் கடல்நீர். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, ஆக 35 கிலோ. நிமிடத்துக்கு 10 லிட்டர் நல்ல தண்ணீர் உள்ளே வருகிறது, நன்றாகக் கலந்து 10 லிட்டர் வெளியே போகிறது.

எந்த நேரத்திலும் வெளியேறும் உப்பு, அப்போது உள்ள உப்பில் நூறில் ஒரு பங்கு. மாறிகளைப் பிரித்துத் தொகையிட்டால் உப்பு = 35 × ஈ அடுக்கு (−0.01 டி). இங்கே டி நிமிடம், ஈ சுமார் 2.718 என்ற எண். பாதியாக 69.3 நிமிடம்.

இப்போது வெளியேறும் குழாயை 5 லிட்டருக்குக் குறையுங்கள். பழைய சூத்திரத்தில் 10-க்குப் பதில் 5 போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. டி நிமிடத்தில் 1000 + 5டி லிட்டர். வெளியேறும் உப்பின் வீதம் = உப்பு / (200 + டி). தொகையிட்டால் உப்பு = 7000 / (200 + டி). ஈ மறைந்தே போய்விட்டது. பாதியாக 200 நிமிடம்.

28 ஜூலை, காலை 7.05

நேற்றையதில் ஒரு வேலி விட்டுப்போனது. 200 நிமிடத்தில் தண்ணீர் 2000 லிட்டர் ஆகியிருக்கும். தொட்டியின் கொள்ளளவு அதற்குக் குறைவு என்றால் பாதியாவதற்கு முன்பே வழிந்துவிடும், வழிந்த பிறகு சமன்பாடும் வேறு.

2 ஆகஸ்ட், இரவு 9.15

பாம்பன் பழைய ரயில் பாலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி நேராக மேலே ஏறும். 1914-இல் திறந்த பழையதில் ஷெர்சர் வகைத் தூக்கு. ரெண்டு கைகளும் அடியில் வட்ட வில்லாக இருந்தன. தட்டையான தடத்தில் சக்கரம் மாதிரி பின்னால் உருண்டுகொண்டே நிமிர்ந்தன.

வழுக்காமல் உருளும் வட்டத்தின் விளிம்பில் ஒரு புள்ளி வரையும் பாதை, பிளஸ் ஒன்னில் துணையலகு வகையிடலில் வருமே, அதே வளைவரை. எக்ஸ் = அ (டி − சைன் டி), ஒய் = அ (1 − காஸ் டி). இங்கே அ வட்டத்தின் ஆரம், டி உருண்ட கோணம். சாய்வு, டியின் பாதிக்குக் காட் (டேனின் தலைகீழ்). டி பூச்சியமானால் காட் வரையறுக்கப்படவில்லை. இங்கே பிள்ளைகள் தொடுகோடு இல்லை என்று எழுதுவார்கள். டி பூச்சியத்தை நெருங்கும்போது சாய்வு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது என்றால் தொடுகோடு செங்குத்து என்று பொருள். தடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளி பக்கவாட்டில் உரசாமல் நேர் மேலே எழும்பும்.

5 ஆகஸ்ட், இரவு 10.40

தொகையிடலில் ரெண்டே விஷயம். சைனை 0° முதல் 360° வரை தொகையிட்டால் பூச்சியம். அதே வளைவரை அடைக்கும் பரப்பு 4. பரப்பு கேட்டால் அச்சை வெட்டும் இடத்தில் துண்டாக்க வேண்டும்.

1 / எக்ஸ் வர்க்கத்தை −1 முதல் 1 வரை தொகையிடுங்கள். சூத்திரம் −2 என்று சொல்லும். எங்கேயும் குறை எண்ணாகாத சார்புக்குத் தொகை குறை எண்ணா? நடுவில் பூச்சியத்தில் சார்பே இல்லை. நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் தொடர்ச்சியான சார்புக்குத்தான்.

9 ஆகஸ்ட், இரவு 8.30 (மண்டபத்திலிருந்து)

தங்கச்சி இன்னும் வகையிடல் படிக்கவில்லை, நீங்கள் எழுதிய சமன்பாட்டை வைத்தே கயிற்றுக் கணக்கைப் போட்டுவிட்டது. 3.25-க்கு எக்ஸ் 1.25, வேகம் 1.3. அதோடு நிறுத்தவில்லை. கயிறு 3.01 என்று போட்டால் வேகம் 6-க்கு மேல் வருகிறது என்கிறது. 3 என்று போட்டால் பூச்சியத்தால் வகுக்க வேண்டியிருக்கிறது. எங்கே தப்பு பண்ணினேன் என்று கேட்கிறது. சமனிலிக் கணக்கும் சரியாக வந்துவிட்டது.

9 ஆகஸ்ட், இரவு 9.20

அவள் எங்கேயும் தப்புப் பண்ணவில்லை என்று சொல்லுங்கள். 3.01-இல் விநாடிக்கு 6.14 மீட்டர், மணிக்கு 22 கிலோமீட்டர். கையால் இழுக்கும் வல்லம் அப்படி ஓடாது. கயிற்றை அரை மீட்டர் வேகத்தில் அதே சீராக இழுக்கிறோம் என்று நாம் எடுத்துக்கொண்டது அங்கே உடைகிறது. கயிறு கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கும்போது இழுப்பில் பெரும்பகுதி வல்லத்தை முன்னால் கொண்டுவராது, மூக்கைத் தூக்கப் பார்க்கும். சரியாக 3 மீட்டரில் வல்லம் கைக்கு நேர் கீழே. அதற்கு மேலும் இழுத்தால் முனை தண்ணீரை விட்டு எழும்ப வேண்டும். உயரம் 3 என்று எழுதிய முதல் வரியே அப்போது பொய்யாகிவிடும்.

கயிற்றின் நீளம் 3-ஐ விட அதிகம் என்று அந்தக் கணக்கின் தலைப்பிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். 19-ஆம் தேதி நான் எழுதாமல் விட்டது அது.